நாம் வாங்கிய பட்டறை

எண்ணூர் அசோக் லேலண்ட் இங்கிலாந்தில் ஒரு பஸ் கம்பெனியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது என்று 2010-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2012 தொடக்கத்தில் அந்தப் பங்கு 75 சதவீதத்தைத் தாண்டியது. கம்பெனியின் பெயர் ஆப்டேர். அப்போது நம்ம கரூரில் பலருக்கும் ஒரே பெருமை. "நமக்கு வண்டி கட்டக் கத்துக் கொடுத்த வெள்ளைக்காரன் கம்பெனியையே நம்ம ஆளு வாங்கிட்டான் பாருங்க" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தப் பேச்சில் தலையாட்டியவன்தான்.

அதே கம்பெனி பிறகு ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறியது. 2025 மார்ச்சில், இங்கிலாந்துத் தொழிற்சாலையில் பஸ் தயாரிப்பை நிறுத்துவது பற்றித் தொழிலாளர்களுடன் பேச்சு தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. இந்தச் செய்தியை நம்ம ஊரில் ஒருவர்கூடப் பேசக் காணோம். வாங்கியது பெருமை என்றால், மூடுவதைப் பற்றியும் நாம் இரண்டு வார்த்தை பேச வேண்டாமா? அதற்காகத்தான் இந்தப் பதிவு. பாடி கட்டும் தொழிலை அறிந்த ஊர்க்காரர்கள் நாம். இந்தக் கதை நமக்குப் புரிகிற அளவுக்கு வேறு ஊருக்குப் புரியாது.

நான் ஆசாரியோ டிங்கரோ இல்லை. முப்பத்திச் சொச்சம் வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குக் கடன் கொடுத்ததும், கொடுத்த கடனுக்காக வாரா வாரம் பட்டறைக்குப் போய் நின்றதும்தான் வேலை. ஆகவே நான் பேசப்போவது கணக்குக்காரன் பேச்சு. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வராத சரக்கு பட்டறையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவனும்கூட.

ஆப்டேரின் வேர் சார்லஸ் ரோ என்பவர் நடத்திய பட்டறை. சார்லஸ் ஹென்றி ரோ 1917-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள லீட்ஸ் நகரத்தில் தொழிலைத் தொடங்கினார். சில வருஷத்தில் நகரத்தின் கிழக்கே கிராஸ் கேட்ஸ் என்ற இடத்துக்கு வந்து அங்கேயே நிலைத்தார். அந்தப் பகுதிக்கு அப்போதே ஒரு துயரப் பெயர் உண்டு. பக்கத்தில் பார்ன்போ என்ற இடத்தில் முதல் உலகப் போருக்காகக் குண்டுகள் நிரப்பும் தொழிற்சாலை இருந்தது. 1916 டிசம்பர் 5 இரவு அங்கே வெடி விபத்தில் 35 பெண்கள் இறந்தார்கள். நம்ம கதைக்கு இது நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்த ஊர் உழைப்பாளிகளின் ஊர் என்று காட்டச் சொல்லி வைக்கிறேன்.

இங்கிலாந்திலும் அப்போது நம்ம ஊர் வழக்கம்தான். சேசிஸ் ஒரு கம்பெனி செய்யும், பாடி இன்னொருவர் கட்டுவார். லேலண்ட், ஏ.இ.சி., டெய்ம்லர் ஆகியவை சேசிஸ் செய்தன. நகரசபைகளே பஸ் ஓட்டின. ஒவ்வொரு நகரசபைக்கும் ஒரு ஜெனரல் மேனேஜர். அவருக்கு ஜன்னல் இத்தனை வேண்டும், படிக்கட்டு இப்படி வேண்டும், நிறம் இது வேண்டும் என்று தனித்தனிப் பிடிவாதங்கள். லீட்ஸ், ஹல், டான்காஸ்டர், சண்டர்லாந்து என்று சுற்று வட்டார நகரங்கள்தான் ரோவின் வாடிக்கை. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் பட்டறைக்கு வந்து, பாதி கட்டிய வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரத்தில் இருந்த வாடிக்கையாளர்கள். நம்ம ஊருக்குத் திருச்சிக்காரரும் சேலத்துக்காரரும் வந்து நிற்பார்களே, அதுபோல.

ரோவின் பேர் எதனால் நிலைத்தது என்று கேட்டால் மரத்தால் என்பேன். மற்ற பல பட்டறைகள் 1930-களிலேயே இரும்புச் சட்டத்துக்கு மாறத் தொடங்கிவிட்டன. ரோ மட்டும் தேக்குச் சட்டத்தை விடவில்லை. 1960-களின் பிற்பகுதி வரைக்கும் அங்கே தேக்கில் மாடி பஸ் கட்டினார்கள். ஜன்னலுக்குக் கீழே வண்டியைச் சுற்றி இடுப்புக் கயிறு மாதிரி ஓடும் கட்டை இருக்கிறதே, பாடியின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தை ரோ தனி முறையில் கட்டிக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். அந்த இடத்தில் பக்கத் தகடு சற்று வெளியே துருத்திக்கொண்டு வரம்பு போலத் தெரியும். பழைய பஸ் படங்களைப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு வரம்பை வைத்தே "இது ரோ வண்டி" என்று சொல்லிவிடுவார்கள்.

நான் கடன் கொடுத்த ஒரு பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் இருந்தார். சேசிஸ் விலை அவ்வளவு, பாடி விலை இவ்வளவுதானா என்று ஒருநாள் கேட்டேன். "ஏனுங் சார், சேசிஸ் ஓடறது மட்டுந்தானுங்க. ஆளு உக்கார்றது நம்ம கட்டற எடத்துலங்க" என்றார். ரோ பட்டறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் பேச்சுதான் காதில் ஒலிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்த மரவேலைக்கே சோதனை வந்தது. போர்க்காலத்தில் யார் பஸ் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதை அரசாங்கமே முடிவு செய்தது. அனுமதி கிடைத்த சில பட்டறைகளில் ரோவும் ஒன்று. அலுமினியம் முழுவதும் விமானத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸுக்கு இரும்புத் தகடு. தகட்டைத் தட்டி வளைக்கத் தெரிந்த டிங்கர்களும் விமானத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அதனால் கூரையின் உருண்டை முனையைத் தட்டி எடுக்க ஆளில்லாமல், தட்டையான துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கோணல் மாணலாக முடித்தார்கள். மாடியில் பின்பக்க ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் தகரம். இருக்கை வெறும் மரப்பட்டை. இதையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது மரம். நன்றாக உலர்ந்த மரம் கிடைக்காமல் பச்சை மரத்தில் சட்டம் போட வேண்டிய நிலை. போர் முடிந்து சில வருஷத்துக்குள் நாடு முழுவதும் அந்த வண்டிகளின் சட்டங்கள் உளுத்துப் போயின. சேசிஸ் நன்றாக இருக்க, பல நகரசபைகள் பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பாடி கட்டிக்கொண்டன. மரத்தை உலர விடாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஆசாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது டான்காஸ்டர் நகரத்தில். மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்கள் அங்கே இருந்தன. போர்க்காலத்துச் சேசிஸ்களுக்கு 1950-களில் ரோ புதுப் பாடி கட்டிக் கொடுத்தார். 1963-ல் நகரசபை டிராலி பஸ்ஸையே நிறுத்திவிட்டது. மின்சார வண்டி வேண்டாம், ஆனால் பாடி இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறதே! அந்தப் பாடிகளில் பலவற்றை அப்படியே தூக்கி டீசல் சேசிஸ் மேல் வைத்து ஓட்டினார்கள். பாடிக்கு மூன்று சேசிஸ் ஆயுள் உண்டு என்று நம்ம ஊரில் ஜம்பமாகச் சொல்வோம். அவர்கள் செய்தே காட்டினார்கள்.

ஹல் நகரத்துக்காக 1953-லிருந்து கட்டிய 16 டிராலி பஸ்களையும் சொல்ல வேண்டும். முன்பக்கம் ஏறும் வாசல், நடுவில் இறங்கும் வாசல், மாடிக்கு ஏற ஒரு படிக்கட்டு, இறங்க ஒரு படிக்கட்டு. கண்டக்டர் இல்லாமல் டிரைவரே ஓட்டி டிக்கெட்டும் கொடுக்கும் காலம் வரும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடு. மாடி பஸ்ஸில் தனியாள் ஓட்டச் சட்டம் இடம் கொடுத்தது 1966-ல்தான். அதற்குள் ஹல் நகரத்தில் டிராலி பஸ்ஸே 1964-ல் நின்றுபோனது. இந்தப் பதினாறில் ஒன்றைக்கூட யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. எனக்கு இது ரொம்ப வருத்தமான சேதி.

இனிமேல்தான் கணக்குக்காரனின் பாகம்.

1947-ல் லண்டனைச் சேர்ந்த பார்க் ராயல் என்ற பெரிய பாடி கம்பெனி ரோவை வாங்கியது. இரண்டே வருஷத்தில் பார்க் ராயலை ஏ.இ.சி. சேசிஸ் கம்பெனியின் தாய் நிறுவனமான ஏ.சி.வி. வாங்கியது. 1962-ல் ஏ.சி.வி.யை லேலண்ட் விழுங்கியது. 1968-ல் லேலண்டும் கார் கம்பெனிகளும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயிற்று. 1975-ல் அதுவும் நொடித்துப் போய் அரசாங்கத்தின் கைக்குப் போனது. லீட்ஸ் பட்டறையில் உளி பிடித்தவர் இடத்தை விட்டு நகரவே இல்லை. ஆனால் அவருக்கு முதலாளி மட்டும் முப்பது வருஷத்துக்குள் ஐந்து முறை மாறிவிட்டார்.

தொடக்கத்தில் இதனால் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை. 1953-ல் லீட்ஸ் நகரத்துக்காக 601, 602 என்று இரண்டு புதுமாதிரி டிராம் வண்டிகளைக்கூட ரோ கட்டிக் கொடுத்தார்கள். (லீட்ஸ் டிராமையே 1959-ல் மூடிவிட்டார்கள். 602 மட்டும் டெர்பிஷயரில் கிரிச் டிராம் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.) பட்டறைக்கு ஆர்டர் வந்தது, வேலை நடந்தது. மேலே யார் முதலாளி என்பது சம்பளக் கவரின் முகப்பில் மட்டும் மாறிய விஷயம்.

வினை வந்தது அரசாங்க மானியத்தோடு. 1968 போக்குவரத்துச் சட்டத்தின்படி புது பஸ் வாங்கினால் விலையில் கால் பங்கை அரசாங்கம் கொடுத்தது. சில வருஷத்தில் அதைப் பாதிப் பங்காக உயர்த்தினார்கள். பாதி விலைக்குப் பஸ் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? நாடு முழுவதும் பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார்கள். லேலண்டும் இந்தத் தேவை நிரந்தரம் என்று நினைத்தது போல, வர்க்கிங்டன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலையே கட்டியது. பிறகு மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1984-ல் முழுவதும் நிறுத்தினார்கள். அதே வருஷம் ஜூலையில், பஸ் தடங்களை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிடப் போவதாக தாட்சர் அரசாங்கம் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நாளைக்குத் தன் தடம் தனக்கு இருக்குமா என்று தெரியாதவன் புது வண்டிக்கு ஆர்டர் கொடுப்பானா? ஆர்டர் வற்றிப்போயிற்று.

வங்கியில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். மானியத்தில் வரும் வியாபாரத்தைச் சொந்த வியாபாரம் என்று நம்பி இடத்தைப் பெரிதாக்கியவர்கள் எத்தனை பேர்!

லேலண்டின் கையில் ஆர்டரைவிடத் தொழிற்சாலை அதிகம். லண்டனின் சிவப்பு ரூட்மாஸ்டர் பஸ்கள் 2,876-ல் பெரும்பாலானவற்றுக்குப் பாடி கட்டிய பார்க் ராயலை 1980-லேயே மூடிவிட்டார்கள். 1984 செப்டம்பரில் ரோவை மூடினார்கள். 1987 தொடக்கத்தில் லோஸ்டாஃப்ட் ஊரில் இருந்த ஈஸ்டர்ன் கோச் ஒர்க்ஸையும் மூடினார்கள். பேர்போன மூன்று பாடி பட்டறைகள் ஏழு வருஷத்துக்குள் காலி.

இதில் லேலண்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, ஆர்டர் இல்லாவிட்டால் மூடத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஐந்து பட்டறைப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு இரண்டை அடித்திருப்பேன். ஆனால் அந்தப் பட்டியலில் ரோ ஒரு வரி. வரிக்கு எதிரே இடம், கட்டடம், எந்திரம், ஆள் செலவு இருக்கும். மரத்தைத் தட்டிச் சத்தத்தில் ஈரம் சொல்லும் காது அதில் வராது. ஹல் நகரத்து மேனேஜரும் பட்டறை மேஸ்திரியும் இருபது வருஷம் சண்டை போட்டுச் சேர்ந்து கண்டுபிடித்த படிக்கட்டும் வராது. அதை அடித்தவருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. தெரிந்து அடித்திருந்தால்கூட எனக்கு இத்தனை வருத்தம் இருக்காது.

அடுத்து நடந்ததுதான் என் பேச்சுக்குச் சாட்சி. மூடிய ஐந்தாவது மாதம், 1985 பிப்ரவரியில், அதே பட்டறையில் மறுபடியும் விளக்கு எரிந்தது. ரோவில் பொறுப்பில் இருந்த ரஸ்ஸல் ரிச்சர்ட்சன் என்பவர் முன்னே நின்றார். வேலை போன தொழிலாளர்கள் பலர் கூட நின்றார்கள். மேற்கு யார்க்‌ஷயர் கவுண்டி கவுன்சில், அதாவது நம்ம ஜில்லா போர்டு மாதிரி ஒன்று, பணத்துக்குக் கைகொடுத்தது. புதுப் பெயர் ஆப்டேர். லத்தீனில் தேர்ந்தெடுப்பது, விரும்புவது என்று அதற்குப் பொருள். உதவிய அந்தக் கவுன்சிலையே அடுத்த வருஷம் மார்ச்சில் தாட்சர் அரசாங்கம் கலைத்துவிட்டது என்பது தனிக் கதை.

லேலண்டுக்கு உதவாத அதே இடம், அதே ஆட்கள். அவர்களால் என்ன செய்ய முடிந்தது பாருங்கள். தடங்கள் திறந்துவிடப்பட்ட பிறகு முதலாளிகள் பெரிய பஸ்ஸை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன பஸ்களை அடிக்கடி ஓட்ட ஆசைப்பட்டார்கள். அந்த நேரத்தில் வந்த சின்ன பஸ்களில் பல, சாமான் வேன்களில் ஜன்னல் வெட்டியவை. ஏறியவர்களுக்கு முதுகு வலிதான் மிச்சம். ஆப்டேர் 1986-ல் ஃபோக்ஸ்வாகன் வேனின் அடிச்சட்டத்தின் மேல் சிட்டிபேசர் என்று, பஸ் மாதிரியே ஒரு சின்ன பஸ் கட்டியது. சாய்ந்த பெரிய முன் கண்ணாடி, சுமார் 25 இருக்கை. லண்டனே அதை வாங்கியது. 1989-ல் எம்.சி.டபிள்யூ. என்ற பெரிய பஸ் கம்பெனி மூடப்பட்டபோது அதன் மெட்ரோரைடர் வடிவத்தை ஆப்டேர் வாங்கிச் சீர்செய்து விற்றது. 1990-களின் பிற்பகுதியில் வந்த சோலோதான் எனக்குப் பிடித்தது. முன் சக்கரங்களை வண்டியின் மூக்கு நுனிக்கே தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் வாசலை வைத்தார்கள். சக்கரம் வழியில் இல்லாததால் தரையை நன்றாகத் தாழ்த்த முடிந்தது. நடைபாதையிலிருந்து ஒரே எட்டில் உள்ளே போகலாம். இந்த வயதில் நமக்கெல்லாம் பஸ் படி எவ்வளவு உயரம் என்பது தெரியும்! அப்படி ஒரு வண்டியை யோசித்த பட்டறையைத்தான் உபரி என்று அடித்தார்கள்.

ஆனால் பட்டறையின் ஜாதகம் மாறவில்லை. 1990-ல் யுனைடெட் பஸ் என்ற ஐரோப்பியக் கூட்டு நிறுவனத்தில் ஆப்டேர் சேர்ந்தது. 1993-ல் அந்தக் கூட்டு நொடித்தது. நிர்வாகிகளே பணம் திரட்டி மீட்டார்கள். 2000-ல் ஹங்கேரியில் தொழிற்சாலை வைத்திருந்த நாபி என்ற கம்பெனி வாங்கியது. 2005-ல் மறுபடியும் நிர்வாகிகள் மீட்டார்கள். 2008-ல் வேறு கை. கவனித்துப் பாருங்கள்: வெளியார் வாங்கி விட்டுப்போகும் போதெல்லாம் உள்ளே இருந்தவர்கள்தான் வந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1985, 1993, 2005 என்று மூன்று தடவை. கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது, தன் பணத்தைத் தொழிலில் போடுகிறாரா என்பதைத்தான். அந்தப் பரீட்சையில் மூன்று முறை தேறியவர்கள் அவர்கள்.

பிறகு நாம். அசோக் லேலண்ட் வந்தபின் 2011-ல் கிராஸ் கேட்ஸ் பழைய இடத்தை விட்டு, லீட்ஸுக்குக் கிழக்கே சில மைல் தள்ளி ஷெர்பர்ன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். தொண்ணூறு வருஷத்து இடம் கைவிட்டுப் போனது.

இந்த உறவில் ஒரு வேடிக்கை உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய எண்ணூர் கம்பெனி, 1955-ல் லேலண்ட் பங்கு போட்ட பிறகுதான் அசோக் லேலண்ட் ஆனது. ரோவை மூடிய அதே லேலண்டின் பிள்ளை. இங்கிலாந்து லேலண்ட் பஸ் கம்பெனி 1988-ல் வால்வோவிடம் போய், 1993-ல் வர்க்கிங்டன் தொழிற்சாலையும் மூடி, கதை முடிந்தது. பிள்ளை மட்டும் எண்ணூரில் நன்றாக இருந்தது. காரணம் என்ன? 1950-களில் நம்ம அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் கறாராகச் சொன்னது: பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பதென்றால் வேண்டாம், படிப்படியாக இங்கேயே செய்வதென்றால் இரு. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. லேலண்டின் வேலை எண்ணூரில் வேர் விட்டது. வேர் விட்டதால்தான் தாய் போனபின்னும் பிள்ளை பிழைத்தது. அந்த அனுபவம் உள்ள நாம், லீட்ஸ் பட்டறையின் வேரை இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

அசோக் லேலண்டை ஒரேயடியாகக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பதின்மூன்று பதினான்கு வருஷம் நஷ்டத்தோடு நடந்த கம்பெனியில் பணத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மின்சாரப் பஸ்களுக்கு மாறினார்கள். சீன மின்சாரப் பஸ்கள் இங்கிலாந்துச் சந்தையில் மலிவாக இறங்கிவிட்டன. அதற்கு எதிரே சின்னக் கம்பெனி நிற்பது லேசில்லை. பங்குதாரர் பணத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இதே வார்த்தைகளை 1984-ல் லேலண்ட் அதிகாரியும் சொல்லியிருக்க முடியும். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னால் நம்ம ஆட்களையும் சொல்ல வேண்டும். நம்ம ஆட்களை வியாபாரம் தெரிந்தவர்கள் என்றால் அவரையும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தராசு வைக்கக் கூடாது.

என்னுடைய தராசு எது என்று சொல்லிவிடுகிறேன். பாடி கட்டும் தொழிலில் முதலாளி பட்டறைக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால், அப்படி இருப்பவரின் பேச்சுக்கு மேஜையில் இடம் இருக்க வேண்டும். வட அயர்லாந்தில் ரைட்பஸ் என்ற குடும்பக் கம்பெனி 2019 செப்டம்பரில் திவாலானது. அடுத்த மாதமே ஜோ பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் வாங்கி அதே ஊரில், அதே ஆட்களில் பலரை வைத்து மறுபடி ஓட்டினார். அவரும் வெளியார்தானே என்பீர்கள். ஆமாம், வெளியார்தான். ஆனால் அந்த ஊரில் பஸ் கட்டுவதற்காகவே வாங்கியவர். ஐந்து தொழிற்சாலையில் ஒன்றாக அது அவர் பட்டியலில் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நம்ம ஊர்ப் பட்டறைகள் இதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பஸ் பாடிக்கு என்று மத்திய அரசு விதித்தொகுப்பு வந்து, அங்கீகாரம் உள்ளவர்தான் கட்டலாம் என்று ஆகிவிட்டது. பயணிகளின் பாதுகாப்புக்கு அது தேவைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சோதனைக்கும் வரைபடத்துக்கும் செலவு செய்ய முடியாத சின்னப் பட்டறைகள் ஒதுங்கிப் போகின்றன. சேசிஸ் கம்பெனிகளோ முழு வண்டியாகவே கட்டி அனுப்ப ஆரம்பித்துவிட்டன. மின்சாரப் பஸ்ஸில் பேட்டரி ஒரு இடத்தில், கூரை ஒரு இடத்தில் என்று பிரித்துக் கொடுப்பது இன்னும் கஷ்டம். நல்ல விலை வந்தால் பட்டறையைப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசும் இளைய தலைமுறையும் இருக்கிறது. கொடுக்கட்டும், உழைத்தவர்கள் பணம் பார்ப்பதில் தப்பில்லை. 1947-ல் ரோவும் அப்படித்தான் நல்ல விலைக்குக் கைமாறியிருக்கும். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வாங்குகிறவரிடம் இன்னும் எத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ஐந்து என்றால், ஆர்டர் குறைகிற வருஷத்தில் அடிபடப்போகிற வரி யாருடையது என்று இப்போதே யோசிக்கலாம்.

சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்களை மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்காக விட்டார்கள். ஷெர்பர்ன் அறிவிப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போன மாதம் பேத்தி வீட்டுக்குப் போனபோது அதில் ஏறினேன். தரை தாழ்வாக இருந்தது, கைப்பிடி கைக்கு எட்டியது. ஏறும்போது முழங்கால் வலிக்கவில்லை. இந்தியாவில் வடிவமைத்து இங்கேயே கட்டிய வண்டி; லீட்ஸ்காரர்கள் யாரும் அதில் கைவைத்திருக்க மாட்டார்கள். முன்பக்கத்தில் ஸ்விட்ச் என்று பெயர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைக் காட்டி இது எந்த ஊர்க் கம்பெனி என்று கேட்டார். வள்ளலார் நகர் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா இது? எண்ணூர்தான் என்று சொல்லிவைத்தேன்.